பெட்டியில் -32, காலில் எவ்வளவு?

கேள்வி: பூட்ஸ் பெட்டியில் -32 என்று போட்டிருக்கிறது. அதென்ன -32? -30 இல்லை, -35 இல்லை, அவ்வளவு துல்லியமாகவா அளந்தார்கள்? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: துல்லியமாவது! அது அமெரிக்கக் கணக்கு. ஃபாரன்ஹீட்டில் -25 என்று ஒரு வட்டமான எண்ணைப் போட்டார்கள். செல்சியஸில் அது -31.7, கிட்டத்தட்ட -32. -40க்கு இந்தத் தொல்லை இல்லை, இரண்டு அளவிலும் அது -40தான். சாதாரண பூட்ஸை எல்லாக் கம்பனியும் ஒரே விதமாகச் சோதித்துத்தான் எண் போடவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நடக்கிற காலை மனத்தில் வைத்து எண் போடுகிறவர்களும் உண்டு. ஒரே கம்பனியின் இரண்டு சோடியில் எது சூடு என்று பார்க்க அந்த எண் உதவும். பஸ் தரிப்பில் நடுங்கும்போது பெட்டியைக் காட்டி நியாயம் கேட்க உதவாது.

கேள்வி: 400 கிராம் தின்சுலேற் என்கிறார்கள். அரைக் கிலோப் பஞ்சைக் காலில் கட்டிக்கொண்டா நடப்பது? (பிரம்ப்டன் வாசகி)

பதில்: இறைச்சிக்கடைத் தராசு இல்லை அம்மா. 3எம் கம்பனியின் அந்தப் பஞ்சுவிரிப்பில் ஒரு சதுர மீற்றர் எவ்வளவு நிறை என்பதுதான் அந்த 400. உங்கள் பூட்ஸுக்குள் போவது அதில் ஒரு சின்னத் துண்டு. மெல்லிய இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைப்பது அதன் வேலை. ரொறன்ரோவில் நடந்து திரிகிறவருக்கு 200 பெரும்பாலும் போதும்.

கடையில் சொல்லாத ஒன்று உண்டு. அந்தப் பஞ்சு பெரும்பாலும் காலின் மேலேயும் பக்கங்களிலும்தான் இருக்கும். நிற்கும்போது குளிர் பிடிப்பதோ அடிப்பக்கம். அங்கே பஞ்சு வைத்தாலும் உங்கள் பாரமே அதை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிடும். ஆகவே கடையிலேயே உள்தட்டை உருவி எடுத்துப் பாருங்கள். மெல்லிய நுரைத்துண்டு மட்டும் கையில் வந்தால், தடித்த கம்பளித் தட்டுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.

கேள்வி: பாரமான பூட்ஸா, இலேசானதா?

பதில்: நீங்கள் நடப்பவரா, நிற்பவரா? நடக்கும் கால் தானே சூடு உண்டாக்கும். அதற்கு இலேசான சோடி அருமை, மாலையில் முழங்காலும் நன்றி சொல்லும். இருபத்தைந்து நிமிடம் பஸ்ஸுக்கு நிற்பவருக்கும், மைதான ஓரத்தில் பிள்ளையின் விளையாட்டுப் பார்ப்பவருக்கும் தடித்த அடிதான் துணை. பூட்ஸ் வாங்கப் போகுமுன் உங்கள் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். அதிகநேரம் எங்கே நிற்கிறீர்கள் என்பது பெட்டியில் எழுதியிருக்காது.

கேள்வி: இரண்டு சொக்ஸ் போடலாமா?

பதில்: பூட்ஸில் இடம் இருந்தால் போடலாம். இறுக்கினால் உள்ளே இருக்கும் காற்றும் போகும், இரத்தவோட்டமும் குறையும். விரலை ஆட்ட முடியாத பூட்ஸ் எத்தனை டொலர் ஆனாலும் குளிரும். பருத்தியை விடுங்கள், வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். நல்ல கம்பளி சொக்ஸ் ஒன்று போதும்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா முதல்முறை வருகிறா, அதுவும் ஜனவரியில். எவ்வளவு சூடான பூட்ஸ் வாங்கவேண்டும்? (மார்க்கம் வாசகர்)

பதில்: சூட்டை விடுங்கள் தம்பி, அம்மா வழுக்காமல் நடக்கவேண்டும். குளிர்ந்த கால் வீட்டுக்குள் வந்தால் சரியாகிவிடும். உடைந்த இடுப்பு அப்படி இல்லை. ரொறன்ரோ றிஹாப் ஆஸ்பத்திரிக்குக் கீழே, நிலத்துக்கு அடியில், வின்ரர்லாப் என்றொரு ஆய்வுகூடம் இருக்கிறது. விழுந்தாலும் தாங்குகிற வார்ப்பட்டி கட்டி, உண்மையான பனிக்கட்டித் தரையில் ஆட்களை நடக்கவிட்டு, தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்பார்கள். எத்தனை பாகைச் சரிவில் பூட்ஸ் கைவிடுகிறது என்பதுதான் கணக்கு. 7 பாகை தாங்கினால் ஒரு பனிச்செதில் சின்னம், 11க்கு இரண்டு, 15க்கு மூன்று. 2016இல் முதல் முடிவு வந்தபோது, சோதித்தவற்றில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை! பெயர்பெற்ற பூட்ஸும் வழுக்கின. முடிவுகளை 'றேற் மை ட்ரெட்ஸ்' என்று தேடிப் பார்க்கலாம்.

அடியில் ஆழமான வெட்டுகள் இருந்தால் போதும் என்று நம்பவேண்டாம். அவை இளம்பனிக்கு நல்லவை. கண்ணாடியாய் உறைந்த நடைபாதையில் அந்த வெட்டுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. குளிரிலும் இறுகாத றப்பர் வேண்டும், அல்லது றப்பருக்குள் கரகரப்பான துகள் கலந்த அடி. வீட்டில் ஒரு சோதனை: பூட்ஸைப் பையில் சுற்றி, ஃபிறீசரில் ஆட்டிறைச்சிக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவே ஓர் இரவு வையுங்கள். காலையில் அடியைப் பெருவிரலால் அழுத்துங்கள். கல்லாய் இருந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பற்றுச்சீட்டு பத்திரம். அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

பூட்ஸின்மேல் மாட்டும் கம்பிமுள் வலையும் நல்லதுதான். ஆனால் கடைக்குள் நுழையும்போது கழற்றவேண்டும். வழவழப்பான தரையில் அதுவே ஆளை விழுத்தும்.

கேள்வி: கோயிலுக்குப் போனாலும் சரி, வீடுகளுக்குப் போனாலும் சரி, வாசலில் குனிந்து லேஸ் அவிழ்ப்பதற்குள் பூசை முடிந்துவிடுகிறது. சிப் வைத்தது வாங்கலாமா?

பதில்: தாராளமாக. சிப்பின் பின்னால் தோலோ துணியோ மடித்துத் தைத்திருக்கிறதா என்று மட்டும் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் வீதியோர உருகல் பனி நேரே சொக்ஸுக்கு வரும். லேஸ் வைத்ததிலும் நாக்கு இரு பக்கமும் எந்த உயரம்வரை தைத்திருக்கிறதோ, அந்த உயரம்வரைதான் தண்ணீருக்குத் தடை. கோயில் வாசலில் எல்லா பூட்ஸும் கறுப்பு என்பதால், லேஸிலோ சிப்பிலோ ஒரு சிவப்பு நூலும் கட்டிவிடுங்கள். புத்தம்புது பூட்ஸோடு போய்ப் பழசோடு திரும்பியவர்கள் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள்.

கேள்வி: "நான் வந்த புதிதில் றன்னிங் சூவோடே மூன்று வின்ரர் ஓட்டினேன்" என்கிறார் என் கணவர்.

பதில்: சொல்லும் ஒவ்வொரு முறையும் பனியின் ஆழம் கூடுகிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: பூட்ஸில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. ஹீற்றர்மேல் காயவைத்தால் போகுமா?

பதில்: போகாது, அடிதான் கழன்று போகும், அதை ஒட்டிய பசைக்குச் சூடு ஆகாது. கோடு வீதி உப்பு. வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியால் துடையுங்கள். உள்ளே பேப்பரைக் கசக்கித் திணித்து வாசலில் விடுங்கள்.

கேள்வி: நான் வின்னிபெக். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பதில்: பாதிதான். ஜனவரி இரவு -20க்குக் கீழே போகிற ஊருக்கு இலேசான பூட்ஸ் முதல் சோடி ஆகாது. ஒரு கால் ஒரு கிலோவை நெருங்கினாலும், கம்பளி உள்ளுறையைத் தனியே கழற்றிக் காயவைக்கக்கூடியதை வாங்குங்கள். சோரல் என்ற பெயரே அந்த வகையால் பிரபலமானது. ஒன்ராறியோ கிச்சனரில் கௌஃப்மன் தொழிற்சாலையில் பிறந்த பெயர் அது. 2000இல் தொழிற்சாலை நொடித்துப்போக, பெயரை அமெரிக்காவின் கொலம்பியா கம்பனி வாங்கிக்கொண்டது. கட்டடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. இலேசான சோடியும் இருக்கட்டும், காரிலிருந்து கடை வாசல்வரை போய்வர.