ஊழ்வினை உரையாசிரியர்

இல்லாத மனிதர்களுக்கு ஜாதகம் கணித்து, கணித்தது பலிக்காமற்போனால் சொந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோனதுபோல் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கும் ஒரு ஜோசியரை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். டோக்கியோவில் பழைய புஸ்தகக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஜிம்போச்சோ என்ற பேட்டையில், ஒரு காப்பிக்கடையின் மூலை மேஜையில், எனக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது.

ஜப்பானில் இவர் ஜாதியினர் ஏராளம். சித்திரக்கதைகளை வாசிப்பதோடு திருப்தியடையாமல், இன்ன பக்கத்தில் பறந்த காக்கை இன்ன பாகத்தில் வரப்போகும் மரணத்துக்கு அறிகுறி என்று நிரூபிக்கும் இந்த வித்தைக்குக் ‘கோசாட்சு’ என்று பெயர். ஆராய்ச்சி என்று சொன்னால் ஏறக்குறைய சரியாக இருக்கும். கதாசிரியர் முன்கூட்டியே ஒளித்து வைக்கும் குறிப்புக்கு ‘ஃபுகுசென்’, அதாவது மறைந்து கிடக்கும் இழை, என்று பெயர். ஆசிரியர் மறைத்துவைத்த இழைகளைக் கண்டெடுப்பவன் சாதாரண ரசிகன். அவர் மறைத்துவைக்காத இழைகளையும் கண்டெடுத்துவிடுபவர் நம் நண்பர்.

நண்பருக்கு உத்தியோகம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில். இன்ன வயதுக்காரன் இன்ன வருஷத்துக்குள் இறப்பதற்கு எத்தனை சாத்தியம் என்று பகலெல்லாம் அட்டவணை போட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்குக் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு காப்பிக்கடைக்கு வந்து உட்கார்ந்ததும், உலகில் சாத்தியம் என்று ஒன்றுமே கிடையாது, அனைத்தும் முன்பே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது என்று சத்தியம் செய்யும் மனிதர் அவர். இந்த முரண்பாட்டை நான் ஒரு முறை மெதுவாகச் சுட்டிக்காட்டியபோது, “அது சம்பளத்துக்காக” என்று ஒரே வார்த்தையில் தமது தத்துவத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

அவருடைய வேதம் ‘பெர்செர்க்’. கென்டாரோ மியூரா என்ற ஓவியர் 1989-ஆம் ஆண்டு தொடங்கி, பின்னர் ‘யங் அனிமல்’ பத்திரிகையில் ஆண்டுக்கணக்கில் வரைந்துவந்த கதை அது. தூக்கிலிடப்பட்ட தாயின் உடலிலிருந்து பிறந்த கட்ஸ் என்னும் வீரன், இரும்புப் பாளம் போன்றதொரு வாளைச் சுமந்துகொண்டு, தன் தோழர்களையெல்லாம் ஒரு கிரகணத்தின்போது பேய்களுக்குப் பலிகொடுத்துத் தானே ‘தேவகரம்’ என்ற பேய்த்தலைவர் கூட்டத்தில் ஐந்தாமவனாக உயர்ந்த கிரிஃபித் என்ற பழைய நண்பனைத் துரத்திக்கொண்டு அலைவதுதான் கதை. இதில் வருகிறவர்கள் நினைத்தபோதெல்லாம் உச்சரிக்கும் சொல் ‘இங்கா’. காரணமும் பலனும் என்று பொருள்படும் இந்தச் சொல், பௌத்தத்தின் ஹேது, பலன் என்ற இரண்டையும் சீனத்தில் ஆக்கிக்கொண்டபோது பிறந்து, அங்கிருந்து ஜப்பானுக்குக் கப்பலேறிய பண்டம். ஆகவே, நண்பர் இங்கா என்று தொடங்கியதும் எனக்கு ஏதோ எங்கள் தெருக் கோடியில் கேட்ட பௌராணிகர் குரல் போலவே இருந்தது. பௌராணிகர் சாப்பாட்டு வேளைக்காவது நிறுத்துவார் என்பது ஒன்றே வித்தியாசம்.

கதையில் அந்தக் கிரகணம் 216 ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. ஆறை ஆறால் பெருக்கி மறுபடியும் ஆறால் பெருக்கினால் 216 என்பதைக் கண்டுபிடித்த நாள்முதல் நண்பருக்கு அந்த எண் கண்ணில் படாத இடமே இல்லை. அந்தக் கடையில் அப்பொழுது ஒரு கோப்பைக் காப்பியின் விலை 400 யென். எட்டு சதவிகித வரியோடு 432. அதாவது 216-இன் இரு மடங்கு! நாங்கள் இருவரும் குடித்தால் 864. அதுவோ நான்கு மடங்கு! பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அடைந்த பரவசத்தைக் கண்டு, பணத்தை நானே கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் அரசாங்கம் வரியைப் பத்து சதவிகிதமாக உயர்த்தி, காப்பியின் விலை 440 ஆனபோது, ஜப்பானியர்கள் அனைவரும் எட்டு யென் போயிற்றே என்று வருந்தினார்கள். ஓர் அறிகுறி போயிற்றே என்று வருந்தியவர் அநேகமாக இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. அவருடைய மூலதனம் 83-ஆம் அத்தியாயம்.

அந்த அத்தியாயத்தில் கிரிஃபித் உலகத்தின் ஆழத்தில் ஒரு கடவுளைக் காண்கிறான். ‘எங்கள் துன்பங்களுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும்’ என்று மனிதகுலம் ஏங்கிய ஏக்கமே திரண்டு உருக்கொண்ட கடவுள் அது. பத்திரிகையில் வெளியான இந்தப் பகுதியை, கதையின் எல்லையை இப்பொழுதே காட்டிவிட்டோமே என்று எண்ணியோ என்னவோ, மியூரா 13-ஆம் பாகம் புத்தகமாக வந்தபோது சேர்க்க வேண்டாமென்று எடுத்துவிட்டார். நண்பர்களே, ஒரு சமயநூலின் ஆசிரியரே ஒரு சூத்திரத்தைக் கிழித்தெறிந்துவிட்டால் அது பிரமாணமா, அப்பிரமாணமா? கிழித்ததனால் அது பொய்யாகிவிட்டதென்று ஒரு கட்சி. கிழிக்க வேண்டியிருந்ததனாலேயே அது பரம ரகசியமென்று மறு கட்சி. நண்பர் இரண்டாவது கட்சியின் தலைவர். ஜிம்போச்சோவில் வாங்கிய அந்தப் பழைய பத்திரிகை இதழைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறார். கை கழுவாதவர்களுக்குக் காட்டுவதில்லை. நான் இரண்டு தடவை கழுவினேன்.

பெஹெரிட் விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். கண், மூக்கு, வாய் எல்லாம் இடம் மாறிச் சிதறிக் கிடக்கும் ஒரு முட்டைக்குக் கதையில் அப்பெயர். அது யாருக்கு உரியதோ அவரிடம், உரிய நேரத்தில், எப்படியாவது வந்து சேரும்; சிறையில் கிரிஃபித்தின் முட்டை சாக்கடையில் போய்ச் சேர்ந்தும்கூட ஆற்றின் வழியே அது அவன் கைக்கே திரும்பிவிடுகிறது. இதன் பொம்மைப் பிரதி ஒன்றை வாங்கி, நண்பர் தமது ரயில் பாஸ் உறையில் கோத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சுவோ லைன் ரயிலில் எல்லாவற்றையும் சேர்த்துத் தொலைத்துவிட்டு, மூன்றாம் நாள் முகமெல்லாம் ஒளிவீச ஓடிவந்து, “திரும்பி வந்துவிட்டது!” என்றார்.

“எப்படி?”

“ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.”

“பாஸில் உங்கள் பெயர் அச்சிட்டிருக்கிறதே” என்றேன்.

என்னை அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பக்குவப்படாத ஆத்மாவின்மேல் ஞானிகள் கொள்ளும் இரக்கமே இருந்தது. “பெயர் அச்சிட வேண்டுமென்ற ஏற்பாடு ஏன் உண்டாயிற்று என்று யோசித்தீர்களா?” என்றார். நான் யோசித்ததில்லை.

அவருக்கு எதிர்வாதமே கிடையாது என்பதுதான் அவருடைய பலம். கிரகணப் பலியிலிருந்து கட்ஸ் தப்பியது விதியை மதியால் வென்றதல்லவா என்று கேட்டால், தப்புவான் என்பதும் விதி என்பார். கதையில் வரும் கபால வீரன், கட்ஸை நீர்ப்பரப்புக்கு மேலே ஒரு கணம் துள்ளும் மீனுக்கு ஒப்பிடுகிறான். துள்ளுவது மீனின் சுதந்திரமா, குளத்தின் ஏற்பாடா என்பது குறித்து நண்பர் ஒரு மழைக்கால இரவு முழுதும் பேசியதில், எனக்கு மீன்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. கட்ஸின் கூட்டம் கப்பலேறி, அந்தக் கப்பல் கரைசேராமலே வாசகர்களின் காலத்தில் பல வருஷங்கள் மிதந்து உலகப் பரிகாசத்துக்கு ஆளானபோதும், தாமதமும் ஒரு ஃபுகுசென் என்றே சாதித்தார். ஊகம் பலித்தால் “நான் அப்பொழுதே சொன்னேன்”, பலிக்காவிட்டால், “ஆசிரியர் நம்மை வேண்டுமென்றே திசைதிருப்புகிறார்.” பௌர்ணமி நாட்களில் கதையில் வந்துபோகும் ஊமைச் சிறுவன் யார் என்பது பற்றி மட்டும் அவரிடம் ஏழு சித்தாந்தங்கள் இருந்தன. ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் ஏழு.

2021-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி, மகாதமனி திடீரெனக் கிழிந்து, மியூரா காலமானார். இரண்டு வாரம் கழித்துத்தான் செய்தி வெளியாயிற்று. அன்று மாலை நான் போனபோது நண்பர் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். இங்காவைப்பற்றி ஏதாவது சொல்லுவாரென்று காத்திருந்தேன். “54 வயது” என்றார் வெகு நேரத்துக்குப் பிறகு. “எங்கள் அட்டவணையில் அந்த வயதுக்கு எண் மிகவும் சிறியது.” ஆபீஸ் பாஷையில் அவர் பேசிக் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

செப்டம்பரில், ஓவியர் விட்டுச்சென்ற 364-ஆம் அத்தியாயம் வெளியாயிற்று. அந்த ஊமைச் சிறுவன் அதன் முடிவில் கண்ணீருடன் கிரிஃபித்தாக மாறி நின்றான். ஏழு சித்தாந்தங்களில் நான்காவது அப்படியே பலித்துவிட்டது. நண்பர் பத்திரிகையை மூடி மேஜைமேல் வைத்தார். நான் அப்பொழுதே சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை; நான்தான் சொன்னேன், “நீங்கள் அப்பொழுதே சொன்னீர்களே” என்று.

மறு வருஷம் ஜூனில் கதை மறுபடி தொடங்கியது. மியூராவின் பள்ளித் தோழரும் தாமே ஒரு சித்திரக்கதாசிரியருமான கோஜி மோரி, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் தம் நண்பர் முடிவுவரை சொல்லியிருந்த கதையை, அவர் சொன்னது மட்டும் போதும் என்ற விரதத்தோடு நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்க, மியூராவின் சீடர்கள் வரைகிறார்கள். நட்புக்கு இதைவிடச் சிறந்த ஒரு காணிக்கையை நான் அறியேன். நம் நண்பருக்கோ புதிய உயிரே வந்துவிட்டது. மோரி நினைவு வைத்திருப்பது எது, மறந்தது எது, மறந்ததை மறக்கும்படி செய்தது எது என்று இப்பொழுது நோட்டுப் புத்தகங்கள் நிரம்பிக்கொண்டிருக்கின்றன. ஊமைச் சிறுவன் காலியாக்கிய இடத்தில் சித்தாந்தங்கள் ஒன்பதாகப் பெருகிவிட்டன.

நீங்கள் எப்பொழுதாவது ஜிம்போச்சோ பக்கம் போக நேர்ந்து, மூலை மேஜையில் பட்டுத்துணி மூட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், தாராளமாகப் பக்கத்தில் உட்காரலாம், நல்ல மனிதர். காப்பிக்குப் பணம் நீங்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும். 83-ஆம் அத்தியாயம் என்ற பேச்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். டோக்கியோவில் கடைசி ரயில் நள்ளிரவையொட்டிப் போய்விடுகிறது.