சூடு கண்ட ஹெரால்டு

என் ஹெரால்டு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. எல்லாத் தொல்லைக்கும் அதுதான் காரணம். ஓடாத வண்டி வைத்திருப்பவனுக்கு வேலை இருக்கும். ஓடுகிற பழைய வண்டி வைத்திருப்பவனுக்குக் கை அரிக்கும்.

ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. நம்மூர் வண்டலூர் ஆலையில் அதுவே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. 948 சிசி எஞ்சின், ஏறக்குறைய 35 குதிரைத்திறன். என்னுடையதில் பாதிக் குதிரைகள் ஓய்வூதியம் வாங்குகிற வயதில் இருக்கும். கூட ஐந்து குதிரை சேர்க்கலாம் என்று ஆசைப்பட்டு ஒரு ஹெடர் மாட்டினேன்.

எஞ்சினில் இருந்து வரும் புகையை முதலில் வாங்கிக்கொள்வது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. நாலு சிலிண்டர் புகையும் அதற்குள் முண்டியடித்துக்கொண்டுதான் வெளியே வரும். ஹெடரில் சிலிண்டருக்கு ஒரு குழாய். நாலும் தள்ளிப்போய்ச் சேரும். படிக்க அழகாக இருந்தது. ஆனால் வார்ப்பிரும்பு தோசைக்கல் மாதிரி, கனமானது, நிதானமாகச் சுடும். ஹெடர் மெல்லிய தகட்டுக் குழாய். முழு வேகத்தில் உள்ளே போகும் புகையோ 700 டிகிரியைத் தொடும். சாவி போட்ட சில நிமிடங்களில் பானெட்டுக்குள் அடுப்பு பற்றிக்கொண்டது.

இந்த எஞ்சினில் பெட்ரோல் உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கம். ஹெடருக்கு நேர் மேலே கார்ப்பரேட்டர். குளிர் நாட்டில் பெட்ரோல் ஆவியாக அந்தக் கணகணப்பு வரம். சைதாப்பேட்டை சிக்னலில், கத்திரி வெயிலில், அதற்கு வேறு பெயர்.

அங்கேதான் முதல் தடவை நின்றது. பெட்ரோலின் இலகுவான பகுதி நாற்பது டிகிரி வாக்கிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளும். ஆவியை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? இதற்கு வேப்பர் லாக் என்று பெயர். வண்டியை அணைத்துவிட்டால் ஆறிவிடும் என்று நினைக்கக்கூடாது. ஃபேனும் தண்ணீர் ஓட்டமும் நின்றுபோவதால், அணைத்த பிறகுதான் கார்ப்பரேட்டர் இன்னும் சுடும்.

ஹெரால்டு பானெட் மற்ற கார்களைப் போல அடக்கமாகத் திறக்காது. மட்கார்டோடு சேர்ந்து முன்பாதி முழுதும் முதலை வாய் மாதிரி பிளந்துகொள்ளும். நடுரோட்டில் நம் குடும்ப விஷயம் மொத்தமும் வெளியே. ஓர் ஆட்டோக்காரர் இறங்கி வந்து, தன் சீட் துடைக்கும் துணியை நனைத்து பெட்ரோல் பம்ப் மேல் போட்டார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. "துணிய நீயே வச்சுக்க சார், தேவப்படும்" என்றார்.

அடுத்து, ஹெடருக்குக் கட்டுப் போட்டேன். கண்ணாடி இழையில் நெய்த பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். சுற்றினேன். அன்றிரவு கழுத்து வரை அரிப்பு.

"என்னங்க இது தடிப்பு?"

"ஹெடர்."

"அது ஒட்டிக்குமா?" என்று மனைவி தலையணையைத் தள்ளிப் போட்டாள்.

மறுநாள் ஸ்டார்ட் செய்ததும் பட்டையிலிருந்து குபுகுபுவென்று புகை. முதல் சூட்டில் அப்படித்தான் வரும் என்று நான் விளக்குவதற்குள் வாட்ச்மேன் மணல் வாளியோடு வந்துவிட்டார். மழையில் அந்தப் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குழாயைத் துருவாக்கும் என்பது தனிக்கதை. கடற்கரை ஊரில் அதற்குச் சொல்லவா வேண்டும்.

பிறகு முறுக்கு வைக்கும் அலுமினியத் தட்டு ஒன்று வீட்டில் காணாமல் போனது. கார்ப்பரேட்டருக்கும் ஹெடருக்கும் நடுவே அது தடுப்பானது. தட்டைக் குழாயில் ஒட்டவிடாமல், நடுவில் அரை அங்குலம் காற்று விட்டு நிறுத்த வேண்டும். தகடு பாதி வேலை செய்தால் காற்று மீதி வேலை செய்யும். கார்ப்பரேட்டர் அடியில் வைக்க புதுப்பேட்டையில் ஒரு கனத்த பேக்கலைட் வாஷரும் கிடைத்தது. அத்தனையும் செய்தும், சிக்னலுக்கு சிக்னல் நின்றது.

கடைசியில், முதலிலேயே போயிருக்க வேண்டிய மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் கட்டைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தட்டின் மேல் சுண்டினார். "சொய்ங்" என்றது. தோசை வார்த்திருக்கலாம்.

"டைமிங்ல கை வச்சீங்களா சார்?"

வைத்திருந்தேன். ஏப்ரலில் எஞ்சின் டக்டக்கென்று நாக் அடித்ததால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் பின்னால் திருப்பியிருந்தேன். கொஞ்சம் என்பது என் கணக்கு.

"பொறி லேட்டா உழுவுது சார். வாய்ல மெல்ல வேண்டியத தொண்டைல மெல்லுது உங்க வண்டி."

சிலிண்டருக்குள் எரிந்து முடிய வேண்டிய பெட்ரோல், எரிந்துகொண்டே ஹெடருக்குள் போயிருக்கிறது. மாதக்கணக்கில் குழாய்க்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். பாய் டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து, சத்தத்தைக் காதால் அளந்து, ஒரு மயிரிழை திருப்பினார். கார்ப்பரேட்டர் திருகையும் சற்றுத் தளர்த்தினார். கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி தண்ணீர் சுண்டினார். சொட்டு தட்டின் மேல் சற்று யோசித்துவிட்டு மெதுவாக மறைந்தது. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை, பிறந்த ஊரைக் காட்டலாம் என்று வண்டியை வண்டலூர் வரை ஓட்டிப்போனேன். தாம்பரம் சிக்னல் தாண்டியது, பெருங்களத்தூர் தாண்டியது. திரும்பும்போது குரோம்பேட்டையில் நின்றது. முதலை வாயைத் திறந்தேன், துணியை நனைத்துப் போட்டேன், இருபது நிமிடம் வெயிலில் நின்றேன், கூடியவர்களுக்கு வேப்பர் லாக் பற்றி விரிவாகச் சொன்னேன். மனைவி கண்ணாடியை இறக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

பெட்ரோல் தீர்ந்திருந்தது.