மாமாவின் மூணு சீட்டு

எங்கள் மாமா மூணு சீட்டில் தொடர்ந்து இருபது ஆட்டம் தோற்றாலும் முகம் வாடாது. "இவ்வளவு நேரம் வரலேல்ல? இனிமே வந்துதானே ஆகணும்" என்பார். கலைத்துப் போட்டால் ஒவ்வொரு ஆட்டமும் புதுசு, சீட்டுக்கட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு இல்லாட்டி என்ன மாப்ளே, எனக்கு இருக்கே" என்றார்.

அவர் ஞாபகத்தில் இருப்பது ஒரே ஓர் ஆட்டம். வாலிப வயதில் ஒரு கல்யாண வீட்டில் அவருக்கு மூன்று ஆஸ் விழுந்தது. 52 சீட்டில் மூன்றை எடுக்க 22,100 வழி இருக்கிறது. மூன்றும் ஆஸாக வருவதற்கு நாலே வழி. அதாவது 5,525 ஆட்டத்துக்கு ஒரு தடவை. அந்தத் தடவை அவருக்குச் சின்ன வயதிலேயே வந்து தொலைத்தது. தோற்ற ஆட்டங்களுக்கு அவரிடம் கணக்கில்லை.

சூதில் ஒன்று வந்தால் நூறு போகும் என்றார் வள்ளுவர். அவர் கை தாராளம். எந்த எண்ணாக இருந்தாலும் சரி, மூன்றும் ஒன்றாக வருவதே 425 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். போக்கர் இன்னும் மோசம். அங்கே ஐந்து சீட்டு. ஒரே ரகத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ் சேர்ந்து விழ 6,49,740-ல் ஒரு வாய்ப்பு. பயமுறுத்தலாம் என்று இதைச் சொன்னேன். போக்கர் பக்கத்தில் எந்த ஊரில் ஆடுகிறார்கள் என்று விசாரித்தார்.

சட்டத்தையும் காட்டிப் பார்த்தேன். ஆந்திர அரசு தொடுத்த வழக்கில் 1967-லேயே, ரம்மிக்குத் திறமை வேண்டும், மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. "அந்த ஜட்ஜுங்க நான் ஆடிப் பார்த்ததில்ல" என்றார். நளன் கதைக்குப் போனேன். தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் மன்னன் இருதுபன்னன் இலை, காய்க் கணக்கைச் சொன்னான். அந்த வித்தையைக் கற்றதும் நளனைப் பிடித்த கலி விலகினான் என்றேன். மாமா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "கடைசியில மறுபடி ஆடி நாட்டை ஜெயிச்சானா இல்லையா? அதைச் சொல்லு."

போன முகூர்த்தத்தில் கொடும்பாளூரில் உறவுக் கல்யாணம். சாயங்காலம் மாமாவை மூவர் கோவிலுக்குக் கூட்டிப்போனேன், கொஞ்ச நேரமாவது சீட்டை மறப்பார் என்று. இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்று, மனைவியர் கற்றளி, வரகுணை பெயரில் ஒவ்வொன்று என எடுப்பித்த மூன்று விமானங்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். மாமா சுற்றிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "மூணும் ஒண்ணா வச்சிருந்த மனுஷன். இப்ப வெறும் ஜோடி." ஜோடி ஏறக்குறைய ஆறு ஆட்டத்துக்கு ஒன்று வரும். அவர் மதிக்கமாட்டார்.

ராத்திரி பந்தலில் ஜமுக்காளம் விரித்தாயிற்று. போலீஸ் பயத்தில் காசு கிடையாது, தீக்குச்சிதான் பந்தயம். பன்னிரண்டு மணி சுமாருக்கு மாமாவின் காது மடல் சிவந்தது. எட்டிப் பார்த்தேன்: இஸ்பேடு எட்டு, ஒன்பது, பத்து. எல்லோரும் ஒதுங்கிவிட, மாப்பிள்ளையின் தம்பி மட்டும் விடாமல் குச்சியை வைத்துக்கொண்டே வந்தான். குவியல் முழங்கால் உயரம் என்று மாமா இப்போது சொல்கிறார். ஒரு சாண் இருக்கும். கடைசியில் ஷோ. பையன் மூன்று ரெண்டை விரித்துக் காட்டினான்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரே ரகத்தில் வரிசையாக மூன்று விழ மொத்தம் 48 வழிதான், மூன்றும் ஒரே எண்ணாக விழ 52 வழி. ஆக மாமா கையில் இருந்ததுதான் அரிது, சட்டம் போட்டவன் கணக்குப் போடாமல் போட்டிருக்கிறான் என்றேன். ஆயுசில் முதல் தடவையாக மாமா என் கணக்கை ஒப்புக்கொண்டார். "கேட்டீங்களா தம்பி, நாப்பத்தெட்டு!"

"இருக்கட்டும் மாமா, எங்க ஊர்ல மூணு ரெண்டுதான் பெருசு" என்றான் பையன். சம்பந்தி வீடு. குரலை உயர்த்தவும் வழியில்லை. மாமா என்னைப் பார்த்தார், நான் 22,100-லிருந்து மறுபடி ஆரம்பித்தேன், பெண் வீட்டார் நாலு பேர் எழுந்து வந்தார்கள்.

அதற்குள் காலை டிபனுக்கு அடுப்பு மூட்ட வந்த சமையல்காரர், "தீப்பெட்டிய எவன்டா எடுத்தது" என்று கத்திக்கொண்டே குவியலை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு போனார்.