வெல்டர் வைத்தியம்

வாடா மாப்ளே, உக்காரு. கோப்பி சொல்லவா? மூஞ்சி ஏன் காஞ்ச கருவாடா இருக்கு? ஒத்தத் தலைவலிக்கு டாக்டர் எழுதின அமிட்ரிப்டிலின் 'மனச்சோர்வு மாத்திரை'ன்னு போன்ல படிச்சுட்டு, சம்சாரத்துக்குத் தெரியாம அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சியாமே? நல்ல இடம் பாத்தே. அரிசி டப்பாவை அவ தொறக்கவே மாட்டா, பாவம்!

மனச்சோர்வே வந்தாலும் அது வியாதிதான்டா, காய்ச்சல் மாதிரி. வெக்கம் எதுக்கு?

அந்தா, நம்ம சிங்கப்பூர் செம்பவாங் கப்பல் பட்டறையவே எடுத்துக்க. போர்க்கப்பலை ஏத்த வெள்ளைக்காரன் கட்டினது. பெரிய துறையை 1938ல தொறந்தான். 1968ல நம்ம கைக்கு வந்துச்சு, வியாபாரக் கப்பலைப் பழுது பாத்துச்சு. எண்ணெய்க் கப்பல் கேப்டன் எவனாச்சும் "ஐயோ, நான் சண்டைக்காரன் இல்லே"ன்னு திரும்பிப் போனானா?

மாத்திரையும் அப்படித்தான். 1961ல அமெரிக்காவுல மனச்சோர்வுக்குன்னு வந்துச்சு. 1979ல 100 பேர்கிட்ட தலைவலிக்குச் சோதிச்சாங்க. மருந்து தின்னவங்கள்ல நூத்துக்கு 55 பேருக்கு வலி பாதிக்கு மேல கொறஞ்சுது. மனச்சோர்வு இல்லாதவனுக்கும் கேட்டுச்சு. வெத்து மாத்திரை தின்னவங்கள்லயும் நூத்துக்கு 34 பேருக்குக் கொறஞ்சுது பாரு, அந்தக் கணக்குலதான் என் கோடாலித் தைலமும் பொழைக்குது! 2017ல பிள்ளைங்ககிட்ட சோதிச்சப்போ வெத்து மாத்திரையை இதால ஜெயிக்க முடியலே. உனக்குக் கேக்குமான்னு உன் மண்டைதான் சொல்லணும்.

இது ஒண்ணுதான் வேலை மாறிச்சா? படபடப்புக்கும் ரத்தக் கொதிப்புக்கும் தர்ற புரொப்ரனலால், வலிப்புக்குத் தர்ற டோபிரமேட், அதுங்களும் இதே வேலை பாக்குதுங்க.

ஆனா வலி வந்தப்புறம் முழுங்குற மாத்திரை இல்லே இது. மழைக்கு முன்னாடியே கூரை மேய்ற சோலி. தினம் ராத்திரி, சின்ன அளவுல ஆரம்பிச்சு, சில வாரம் பொறுக்கணும். வாய் வறளும், தூக்கம் சொக்கும். தாங்கலேன்னா டாக்டர்கிட்ட சொல்லு, நீயா நிறுத்தாதே. வலி வந்த தேதியை நோட்டுல குறிச்சுக்க.

நான் அந்தப் பட்டறைக்கு வெல்டரா வந்தவன்டா. வெல்டர் சொல்ற வைத்தியத்தை இவ்வளவு நேரம் வாயப் பொளந்து கேட்டியே, படிச்ச டாக்டர் சொன்னதுக்கு மட்டும் பேரைப் பாத்தியாக்கும்? போ, அவ சோறு வடிக்கிறதுக்குள்ள மாத்திரையை எடுத்துடு.