நஷ்டமே காணாத தொழிலதிபர்

முத்தாபுதுப்பேட்டை, ஆவடி விமானப்படை நிலையத்தை ஒட்டிய ஊர். விமானப்படையில் ஏர்மேனாகச் சேர்ந்தவர் 20 வருட சர்வீஸ் முடித்து வெளியே வரும்போது நாற்பதை ஒட்டித்தான் வயதிருக்கும். கையில் கிராஜுவிட்டி, மாதம் பிறந்தால் பென்ஷன், நடையில் இன்னும் பரேடு விறைப்பு. சூட்சுமம் தெரிந்தவர்கள் பரீட்சை எழுதி ஏதாவது ஒரு வங்கியில் உட்கார்ந்துவிடுவார்கள். "சல்யூட் அடித்தது போதும், இனி சொந்தத் தொழில்" என்று கிளம்புகிறவர் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் தெருவில் அவர் பெயர் சார்ஜென்ட் சார். வெளியே வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

அவசரப்படுகிற ஆள் இல்லை அவர். தொழில்முனைவோர் பயிற்சி எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். சான்றிதழ்களை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போய் கொட்டேஷன் வாங்குவது அவருக்குத் தீர்த்த யாத்திரை. 1964இல் தொடங்கிய அந்தப் பேட்டையில் பாக்குமட்டைத் தட்டு மெஷின் எவ்வளவு, பிரஸ் எத்தனை டன், கரண்ட் எத்தனை ஹெச்பி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மெஷினைத் தொட்டும் பார்ப்பார். வாங்கியதில்லை.

வாங்காமல் இருந்ததில் அவருக்கு ஒரு மாபெரும் வெற்றி உண்டு. 2018இல் பேப்பர் கப் தயாரிப்பதாக இருந்தார். மூன்றாவது கொட்டேஷனுக்காகக் காத்திருந்த நேரத்தில், 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்று தமிழக அரசு அறிவித்தது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. கடன் வாங்கி மெஷின் போட்டவர்கள் தலையில் கை வைத்தார்கள். இவர் தெருவுக்கே லட்டு கொடுத்தார். அடுத்து மெஸ். தீர விசாரித்து அவர் நாள் குறித்தது 2020 மார்ச் கடைசியில். ஊரே அடைந்து கிடந்தபோது மொட்டை மாடியில் நின்று, "வாடகை அட்வான்ஸ் மிச்சம், பாத்திரம் மிச்சம், மாஸ்டர் சம்பளம் மிச்சம்" என்று லாபக் கணக்குப் போட்டார். தொடங்காத தொழில்களில் இவர் சம்பாதித்ததைப் போல் தொடங்கிய தொழிலில் யாரும் சம்பாதித்ததில்லை.

மானியம் என்றால் மனுஷன் கரைந்துவிடுவார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம். முன்னாள் படைவீரருக்குச் சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும்; மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். ஆவடி மாநகராட்சி எங்கே முடிகிறது, ஊராட்சி எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு மாதம் சைக்கிளில் அலைந்து பார்த்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் 5 லட்சம், அந்தப் பக்கம் 7 லட்சம் அல்லவா? கடைசியில் அந்தப் பக்கம் ஒரு கடையைப் பிடித்தும் விட்டார். அந்த மானியம் மூன்று வருடம் வங்கியிலேயே வைப்பாகப் பூட்டிக் கிடக்கும், தொழில் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழியும் என்று மேனேஜர் சொன்னதும், "யோசிக்கணும் சார்" என்று எழுந்து வந்தார். தமிழக முதல்வரின் 2024 சுதந்திர தின உரையில் முன்னாள் படைவீரர்களுக்காக 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் வந்தது. ஒரு கோடி வரை கடன், 30 சதவீதம் மானியம். அதுவரை 20 லட்சத்தில் யோசித்தவர் ஒரே ராத்திரியில் கோடிக்கு மாறினார். பழைய ஃபைல் பரணுக்குப் போயிற்று.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், ஆளுக்குக் கணக்குத் தெரியும். இந்த ஊரில் மளிகைக் கடை வைக்க நினைத்த ஒருவரை, "படைவீரர் குடும்பமெல்லாம் சோப்பும் ஷாம்பூவும் கேன்டீன்ல வாங்குது, உங்ககிட்ட எதுக்கு வருவாங்க? கேன்டீன்ல கிடைக்காததைப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார். அந்த ஆள் இப்போது இட்லி மாவு விற்கிறார். டீக்கடைத் தம்பியை உட்கார வைத்து சார்ஜென்ட் சார் போட்ட கணக்கையும் கேட்டேன்.

"வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்த்து மாசம் 30,000 வை. ஒரு டீ வித்தாலும் விக்காட்டாலும் அது போகும். பால், தூள், சர்க்கரை, கேஸ் போக டீக்கு 5 ரூபா நிக்குதா? அப்ப மாசம் 6,000 டீ. நாளைக்கு 200. இருநூத்தி ஒண்ணாவது டீயிலதான் தம்பி உன் சம்பாத்தியம்."

"அக்கவுண்ட் டீயையும் சேர்த்தா சார்?"

சார்ஜென்ட் சார் பேப்பரை மடித்துக்கொண்டார். நோட்டில் நீளமான அக்கவுண்ட் அவருடையதுதான்.

மூலைவீட்டு அக்கா தையல் கடை போட்டது இவர் எழுதிக் கொடுத்த மனுவால்தான்: முத்ராவில் சிசு கடன், 50,000 வரை. உத்யம் பதிவுக்குக் காசு கேட்ட புரோக்கரை, "அரசாங்கமே ஒரு பைசா வாங்கறதில்ல, நீ யாருய்யா?" என்று விரட்டியதும் இவர்தான். இப்படி ஏழெட்டுப் பேர் கடை திறந்தாயிற்று. திறப்பு விழாவுக்கெல்லாம் குத்துவிளக்கு ஏற்றுவது சார்ஜென்ட் சார்.

"இவ்வளவு தெரிஞ்சவர் நீங்க ஏன் சார் இன்னும் ஆரம்பிக்கல?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து வீட்டம்மா பதில் சொன்னார்: "சொந்தப் பங்கு 5 சதவீதம் இவர்கிட்ட ஏதுங்க? மொத்தமும் என் பேர்ல எஃப்டில கிடக்கு."

"ஏங்க, ஊருக்கெல்லாம் எழுதித் தர்றீங்களே, அதுக்கு ஃபீஸ் வாங்கினாலே ஒரு தொழில்தானே?" என்று அந்த அம்மாவே யோசனையும் சொன்னார். சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதற்கான புராஜெக்ட் ரிப்போர்ட்டை மறுநாளே ஆரம்பித்தார். சந்தை ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே தொழில் தொடங்கும் எண்ணமுள்ளவர்கள், ஆய்வு முடிவதற்குள் வந்துவிடுங்கள். காலையில் டீக்கடையில்தான் இருப்பார். ஃபீஸ் கிடையாது, அவருடைய டீக்கு மட்டும் கையில் காசு கொடுத்துவிடுங்கள்.