மதிலுக்கு முதுகு காட்டும் கலை

2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் சித்திரம் தீட்டினார்கள். அன்றே இலங்கையின் குறைகளெல்லாம் வர்ணத்தில் மறைந்தன. பேராதனையில் கலைச்சுற்றுலாவும் எளிதாகிவிட்டது. சித்திரத்துக்கு முதுகைக் காட்டி ஒரு செல்பி எடுங்கள், ரசனை முடிந்தது. அடுத்தது பிஸ்ட்ரோ. படம் பிடிக்குமுன் தட்டில் கை வைப்பவன் காட்டுமிராண்டி. ஆறிப்போன கொத்து ரொட்டி, கலைக்கு நாம் செய்யும் தியாகம்.

பக்கத்தில் எம்பெக்கே தேவாலயத்தில் 14ஆம் நூற்றாண்டு மரத்தூண்கள் நிற்கின்றன. பாவம், அவற்றைச் செதுக்கிய தச்சர்கள் கூடவே ஒரு பிஸ்ட்ரோ கட்ட மறந்துவிட்டார்கள்.

பிஸ்ட்ரோச் சுவரிலும் ஓவியம்: கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 2021இல்தான் அவளுடைய நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. எங்கள் தேநீருக்குப் பில் வந்தது. அவள் கண்ணில் படாமல், பண்போடு மடித்து வைத்தோம்.