காதுக்காரர்

போஸ் ஸ்பீக்கர் வாங்கியவரைக் கண்டுபிடிப்பது சுலபம். நாம் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கையில் ரிமோட் இருக்கும். "இத்துனூண்டு டப்பாவிலேருந்தா இவ்வளவு சத்தம்னு எல்லாரும் கேக்கறாங்க" என்பார், நாம் எதையும் கேட்பதற்கு முன்பே. அதே கூடத்தில் இன்னொருவரும் உட்கார்ந்திருப்பார். சிரிக்கவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல், ஓடாத மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருப்பார். அவர்தான் நம் காதுக்காரர்.

காதுக்காரர் என்றதும் சங்கீதம் தெரிந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். கல்யாணிக்கும் காம்போதிக்கும் என்ன வித்தியாசம் என்றால் பேச்சை மாற்றிவிடுவார். செம்புக் கம்பிக்கும் வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டீர்களோ, உங்கள் ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும். பாட்டு அவருக்கு ஒரு சாக்கு. ஸ்பீக்கரைக் கேட்பதற்குத்தான் பாட்டையே போடுகிறார்.

அவருடைய வீட்டில் இருப்பதிலேயே நல்ல அறை ஸ்பீக்கர்களுக்கு. பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையில் படித்தார்கள். சுவரில் கம்பளம், மூலைகளில் பஞ்சு அடைத்த தூண்கள். கேபிள் தரையில் படக்கூடாதாம். படாமலிருக்கச் சின்னச் சின்ன மரக்கட்டைகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதன் நான்கு கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறார், ஏனென்றால் நாற்காலி அரையடி நகர்ந்தால் எஸ்.பி.பி. இடது பக்கம் போய்விடுவாராம். காப்பியோடு வரும் மனைவி அங்கே ஒரு நிமிஷம் நின்றால், "கொஞ்சம் நகரு, ரிஃப்ளெக்‌ஷன் வருது" என்பார். மின்விசிறி இரைச்சல் ஆகாது என்பதால் மே மாதத்திலும் அதை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்டக் கேட்பார். ஸ்டீரியோவுக்கென்று தனியாக எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு நிரப்பியிருக்கிறார். கொல்லையில் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் மறப்பாரே தவிர, எர்த் குழிக்கு ஊற்ற மறந்ததில்லை.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பிறகு அவர் போடுவது என்னவோ 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. அதிலும் ஈகிள்ஸ் குழு 1994-இல் வெளியிட்ட மேடை வடிவம். கிட்டார் முடிந்து மேளம் இறங்கும் அந்த இடத்துக்காக. ரொம்ப நெருங்கியவர்களுக்கு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. வயலின்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று காற்றில் விரலை நீட்டிக் காட்டுவார். நமக்குச் சுவர்தான் தெரியும். தலையாட்டிவிடுவது நல்லது.

இப்படிப்பட்டவரை, மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து போஸ் ஹோம் தியேட்டர் கொண்டுவந்திருக்கிறான். ஐந்து குட்டி ஸ்பீக்கர்கள், ஒரு பேஸ் பெட்டி. குட்டிகளில் இரண்டு, வெங்கடாசலபதி படத்துக்கு இருபுறமும் துவாரபாலகர் இடத்தில். ஒன்று டிவிக்குக் கீழே. ஒன்று பரணில். ஒன்று பீரோவுக்குப் பின்னால், ஏனென்றால் ஒயர் அவ்வளவு தூரம்தான் வந்தது. பேஸ் பெட்டி சோபாவுக்குப் பின்னால். அதன் தலையில் மணி பிளான்ட் தொட்டி. ஓடிக்கொண்டிருப்பது டிவி செய்தி. வாசிப்பவரின் குரலில் மேல்பாதி வெங்கடாசலபதி பக்கத்திலிருந்தும் கீழ்ப்பாதி சோபாவுக்கு அடியிலிருந்தும் வருகிறது.

"என்ன மாமா, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாப்ள."

"எது மாமா? பேஸா, டிரெபிளா?"

"சோபா."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பொருமல். கையகல ஸ்பீக்கரால் எவ்வளவு காற்றைத் தள்ள முடியும்? காற்றைத் தள்ளாமல் தாழ்ந்த ஒலி எங்கிருந்து வரும்? அதைப் பேஸ் பெட்டியிடம் தள்ளிவிட்டால், இரண்டுக்கும் நடுவில் விழுகிற ஓட்டையை யார் அடைப்பது? ஆண்குரலின் கனம் அங்கேதானே இருக்கிறது? இதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். உச்சமும் இல்லை, அடியும் இல்லை, அப்படியானால் அது போஸ்தான் என்று எதுகை மோனையோடு ஒரு கேலி ஆங்கிலத்தில் ரொம்ப நாளாக உண்டு. காதுக்காரர் அதைத் தாமே கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்.

அவருடைய இன்னொரு ஆத்திரம், அந்தக் கம்பெனி அளவு விவரம் தருவதில்லை என்பது. எத்தனை ஹெர்ட்ஸில் தொடங்கி எத்தனையில் முடிகிறது, வரைபடம் எங்கே? ஜாதகம் தராமல் பெண் கேட்கிற வரனை எந்த வீட்டில் நம்புவார்கள்? "நீங்களே கேட்டுப் பாருங்க சார்" என்று கடைக்காரர் சொன்னால் இன்னும் கோபம் வரும். காதால் கேட்டு முடிவு செய்யலாம் என்பதை நம் காதுக்காரர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். பிறருடைய காதாக இருந்தால்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனியைத் தொடங்கியவரே சாட்சாத் ஒரு காதுக்காரர். அமர் போஸ், 1929-இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா கல்கத்தாவிலிருந்து வெள்ளைக்காரன் போலீசுக்குத் தப்பி அமெரிக்கா போனவர். (நேதாஜி குடும்பமாம் என்று மைத்துனன் சேர்த்துக்கொள்வான், பெயரைத் தவிர வேறு ஆதாரம் கேட்கக்கூடாது.) சின்ன வயதில் வயலின் கற்ற அமர் போஸ், எம்.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கிய 1956-இல், தமக்குத் தாமே பரிசாக ஒரு விலையுயர்ந்த ஸ்டீரியோ வாங்கினார். எப்படி வாங்கினார்? அளவு விவரங்களையெல்லாம் படித்து, ஒப்பிட்டு, இதுதான் சிறந்தது என்று தேர்ந்தெடுத்து. வீட்டில் போட்டுக் கேட்டால் வயலின் வயலினாக இல்லை. அன்றோடு விவரத்தாளில் நம்பிக்கை போயிற்று. நம் ஆள் வரைபடம் கேட்டுக் கேட்டு எப்படி ஆனாரோ, அவர் வரைபடத்தை நம்பி ஏமாந்து அப்படி ஆனார். 1964-இல் கம்பெனி தொடங்கிய பிறகும் எம்.ஐ.டி.யில் பாடம் நடத்துவதை விடவில்லை. 2011-இல் கம்பெனியின் பெரும்பாலான பங்குகளை, வாக்குரிமை இல்லாமல், அந்தக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். 2013-இல் காலமானார். இத்தனையும் காதுக்காரருக்குத் தெரியும். "மனுஷன் பெரிய ஆளுதான், ஸ்பீக்கர்தான்..." என்று இழுப்பார்.

அந்த வயலின் சிக்கலுக்கு அமர் போஸ் கண்டுபிடித்த பதில்தான் 1968-இல் வந்த 901 ஸ்பீக்கர். கச்சேரி அரங்கில் நம் காதுக்கு வரும் ஒலியில் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவதுதான் என்பது அவருடைய கட்சி. அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்பது சின்ன ஸ்பீக்கர்கள். ஒன்று மட்டும் நம்மைப் பார்க்கும், மற்ற எட்டும் பின்சுவரைப் பார்க்கும். 2016 வரை இதை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு ரிடையர்டு பெரியவர் வீட்டில் இந்த 901 ஜோடி இருந்தது. எண்பதுகளில் துபாயிலிருந்து வந்தது. பின்னால் சுவர் வேண்டும் என்பதுதானே இதன் விதி? அவர் வீட்டு அமைப்பில் பின்னால் இருந்தது பெரிய கிரில் ஜன்னல், அதைத் தாண்டி இரண்டடிச் சந்து, அப்புறம் பக்கத்து வீட்டுப் பூஜையறை. ஆக எம்.எஸ். பாடினால் இவருக்கு ஒரு பங்கு, பக்கத்து வீட்டு மாமிக்கு எட்டுப் பங்கு. "இன்னைக்கு ஏன் பாட்டே போடலை?" என்று அந்த மாமி கேட்பாராம். போஸ் ஸ்பீக்கரைப் பற்றித் துளியும் குறை சொல்லாத ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். அவருக்குப் பைசா செலவில்லை.

இந்த 901-ஐப் பற்றி 1970 மே மாதம் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை ஒரு விமர்சனம் எழுதியது. வயலின் பத்தடி அகலத்துக்கு விரிகிறது, பியானோ சுவருக்குச் சுவர் நீள்கிறது, வாத்தியங்கள் அறை முழுக்கத் திரிகின்றன என்று. போஸ் கோர்ட்டுக்குப் போனது. கீழ்க்கோர்ட்டில் நடந்ததை நம் காதுக்காரர்கள் தனிச் சிலாசாசனமாகவே வடித்து வைக்கலாம். வாத்தியம் நகர்வது வாஸ்தவம்தான்; ஆனால் அறை முழுக்க இல்லை, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சுவரோரமாகத்தான் நகர்கிறது, ஆகவே எழுதியது தப்பு என்று நீதிபதி போஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது தலைகீழானது. கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1984-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பத்திரிகை ஜெயித்தது. பேச்சுரிமை வழக்காக அதைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். வயலின் எவ்வளவு தூரம் நடந்தது என்பதற்காகப் பதினான்கு வருஷம்! நம் ஊரில் இதே சண்டை டீக்கடையில், வடை தீர்வதற்குள், இரண்டு பக்கமும் ஜெயித்து முடிந்துவிடும்.

போஸ் கட்சிக்காரர்களுக்கும் தத்துவம் இல்லாமல் இல்லை. காது என்னுது, காசு என்னுது, உனக்கென்ன? வாங்கினோம், மாட்டினோம், பாட்டு வந்தது. நாற்காலிக்கு டேப் ஒட்ட வேண்டாம். மனைவி எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். இந்தக் கடைசிச் சலுகையின் அருமையைக் காதுக்காரர் வீட்டு அம்மாளிடம் கேட்டுப் பாருங்கள். எனக்கென்னவோ, காதுக்காரரை உறுத்துவது அந்த ஸ்பீக்கரின் ஒலிகூட இல்லை. பஞ்சுத் தூண் நிறுத்தாமல், எர்த் குழி தோண்டாமல், புது ஸ்பீக்கரை இருநூறு மணி நேரம் ஆள் இல்லாத அறையில் பாடவிட்டுப் பழக்காமல், ஒருவன் முதல் நாளே சந்தோஷமாக இருக்கிறானே! அது எந்த ஊர் நியாயம்?

இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. திரை போட்டு மூடிவிட்டு, எது எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் கேட்பது. ஹார்மன் கம்பெனியில் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் செய்து 1994-இல் வெளியிட்டார்கள். கேட்டவர்கள் அதே கம்பெனி ஊழியர்கள். திரைக்குப் பின்னால் இருந்தபோது மரியாதையான மதிப்பெண் வாங்கிய ஒரு மலிவான குட்டி செட், கண்ணுக்குத் தெரிந்ததும் மதிப்பெண் இழந்தது. பெரிய, பளபளப்பான பெட்டிகளுக்கு ஏறியது. இதைக் காதுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். "மத்தவங்களுக்கு அப்படித்தான் ஆகும்" என்பார். சரி, உங்களுக்கு ஒரு திரை போடலாமா என்றால், துணி உயர்ந்த ஸ்தாயியை உறிஞ்சிவிடும் என்பார். மெல்லிய துணி? அன்றைக்குப் பார்த்து அவருக்கு ஜலதோஷம்.

பெட்டி விஷயத்தில் இவ்வளவு கறாரானவர், அமெரிக்காவில் இருக்கும் பெண்ணைப் பார்க்க விமானம் ஏறும்போது காதில் மாட்டியிருப்பது என்ன? போஸ் ஹெட்ஃபோன். இரைச்சலை எதிர் இரைச்சலால் அழிக்கும் யோசனை அமர் போஸுக்கு 1978-இல் ஜூரிக்கிலிருந்து திரும்பும் விமானத்தில் வந்தது; அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். முதலில் விமானிகளுக்கு, 2000-இல் 'குவயட் கம்ஃபர்ட்' என்ற பெயரில் பயணிகளுக்கு. கையும் களவுமாகப் பிடிபட்ட காதுக்காரர் அசரமாட்டார். "இது பாட்டு கேக்கறதுக்கு இல்லைங்க. கேக்காம இருக்கறதுக்கு."

இப்போது ஒரு புதுச் சங்கடம். காதுக்காரர்களின் குலதெய்வம் மெக்கிண்டாஷ் ஆம்ப்ளிஃபயர். கறுப்புக் கண்ணாடி முகப்பு, நீல வெளிச்சத்தில் ஆடும் முள். நம்மவரின் போன் திரையில் பேரன் படம் இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருக்கிறது. "பி.எஃப். பணம் வரட்டும்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2024 நவம்பரில் அந்த மெக்கிண்டாஷ் குழுமத்தையே போஸ் வாங்கிவிட்டது. கூடவே இத்தாலியின் சோனஸ் ஃபேபர் ஸ்பீக்கர் கம்பெனியும் போயிற்று.

செய்தி தெரிந்த அன்று அவர் பாட்டே போடவில்லை. மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி வந்து பார்த்தார். நகரு என்று சத்தம் வரவில்லை. தைரியமாக நடுவிலேயே நின்று கேட்டார்.

"அப்ப அந்த நீல விளக்கு ஆம்ப்ளிஃபயரு இனிமே வேணாம்தானே?"

"சேச்சே, போஸ் கம்பெனி சாமானை யாரு வாங்குவா?"

அந்த அம்மாளின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அது காப்பி ஆறும்வரைகூட நீடிக்கவில்லை.

"2024-க்கு முன்னாடி செஞ்சது ஒண்ணு பெங்களூருல செகண்ட் ஹேண்டா இருக்காம். இனிமே பழசுக்குத்தான் கிராக்கி. சீக்கிரம் போகணும்."